பிள்ளையின் யோசனைக்கு எத்தனை மார்க்கு?

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், முத்துக்கும் பரீட்சை உண்டு.

கடலடியில் சிப்பிகள் படுத்திருக்கும் இடத்துக்குப் "பார்" என்று பெயர். பாரில் சிப்பி இருக்கிறது என்று தெரிந்த உடனே தோணிகள் புறப்பட்டு விடமாட்டா. அரசாங்கத்தார் முதலில் கொஞ்சம் சிப்பிகளை மட்டும் எடுத்து வரச் சொல்வார்கள். அவற்றை அழுக வைத்து, கழுவி, உள்ளே இருக்கும் முத்துக்களை எடுப்பார்கள். ஆயிரம் சிப்பிக்கு எவ்வளவு மதிப்புள்ள முத்து தேறும் என்று கணக்குப் பார்ப்பார்கள். தேறும் என்றால்தான் குளிப்பு. தேறாது என்றால், "சிப்பி இன்னும் வளரட்டும்" என்று பாரை அப்படியே விட்டுவிடுவார்கள்.

எடுத்த முத்துக்கு அடுத்த பரீட்சை, சல்லடை. ஒன்றைவிட ஒன்று சிறிய துளைகள் கொண்ட பத்துப் பித்தளைச் சல்லடைகள் இருந்தன. எந்தச் சல்லடையில் முத்து நிற்கிறதோ, அது அதன் அளவு.

சல்லடை பொய் சொல்லாது. ஆனால், முத்து வியாபாரி அதோடு நிறுத்திக் கொள்ளமாட்டார். ஒரே சல்லடையில் நின்ற முத்துக்களைக் கொட்டி, ஒவ்வொன்றாய் உருட்டிப் பார்ப்பார். உருண்டை சரியா? ஒளி எப்படி? மறு உண்டா? உருண்டையிலும் ஒளியிலும் குறைவில்லாதது ஆணிமுத்து. இந்தப் பார்வை முடிந்த பிறகுதான் மஞ்சாடிக் கணக்கில் எடையும் விலையும்.

சல்லடையை மட்டும் நம்பி முத்து வாங்கிய வியாபாரி கடையை மூட வேண்டியதுதான்!

இந்தக் கடற்கரையின் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் முடிந்தது. சல்லடைக்கும் வேலை போயிற்று. ஆனால், பள்ளிக்கூடத்தில் ஒரு சல்லடை இன்னும் இருக்கிறது. அதற்குப் பெயர் மார்க்கு.

மக்கு என்று சொன்னது யார்?

தெரஸ்புரத்திலும், புன்னைக்காயலிலும், மணப்பாட்டிலும் கடற்கரையில் ஓடித் திரியும் சிறுவர்களைப் பாருங்கள். எந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் டக்கென்று சொல்வார்கள். வடக்கே இருந்து வந்தால் வாடை. கிழக்கே இருந்து வந்தால் கொண்டல். தெற்கே இருந்து வந்தால் சோழகம். மேற்கே இருந்து வந்தால் கச்சான்.

இந்தப் பையன் பரீட்சையில் உட்காருகிறான். "மேற்கிலிருந்து வீசும் காற்றுக்கு என்ன பெயர்?" என்பது கேள்வி. புத்தகத்தில் வேறு பெயர் இருக்கிறது. பையன் "கச்சான்" என்று எழுதுகிறான். வாத்தியாருக்குக் கச்சான் தெரிந்திருந்தால் பையன் தப்பித்தான். தெரியாவிட்டால், சிவப்பு மையில் பெருக்கல் குறி! இப்படி நாலு பெருக்கல் குறி விழுந்தால் "மக்கு" என்ற பெயர் வந்துவிடுகிறது. அந்தப் பெயர் பள்ளிக்கூடத்தோடு நிற்காமல் வீட்டுக்கும் கூடவே வருகிறது.

காற்றின் பெயர் தெரிந்திருப்பது அறிவு. அதையே நம் பரீட்சை சரியாய் அளப்பதில்லை. சொந்தமாய் யோசிப்பது அதற்கும் ஒரு படி மேல். இருப்பதை வைத்து இல்லாததை உண்டாக்குவது, ஒரு கேள்விக்கு ஒன்பது வழி தேடுவது, யாரும் கேட்காததைக் கேட்பது. படித்தவர்கள் இதைப் படைப்பாற்றல் என்கிறார்கள். ஆறு வயதுப் பிள்ளையிடம் இது கொட்டிக் கிடக்கிறது. தீப்பெட்டியைக் கப்பலாக்கும். சிப்பி ஓட்டைச் சட்டி பானையாக்கும்.

இதை அளக்க முடியுமா? முடியும். அளந்தால் மார்க்குப் போடலாமா? அங்கேதான் சண்டை.

செங்கலை வைத்து ஒரு கேள்வி

அமெரிக்காவில் கில்போர்டு என்று ஒரு மனநூல் அறிஞர் இருந்தார். 1950-ல் அந்நாட்டு மனநூலார் சங்கத்துக்கு அவர் தலைவர். தலைமை உரையில் அவர் ஒரு குறையைச் சொன்னார். படைப்பாற்றலைப் பற்றி ஆராய்ச்சி செய்ய இத்தனை காலம் யாரும் அக்கறை காட்டவில்லையே என்பதுதான் அது. பிற்பாடு அவர் பெயரோடு சேர்ந்து ஒரு கேள்வி உலகம் எல்லாம் பரவியது. "ஒரு செங்கலை வைத்து என்னென்ன செய்யலாம்?" இவ்வளவுதான் கேள்வி!

வீடு கட்டலாம் என்று எல்லாரும் சொல்வார்கள். கதவு சாத்தாமல் அண்டை கொடுக்கலாம், அடுப்புக் கூட்டலாம், மேலே ஏறி நின்று உறியை எட்டலாம் என்று போகிற பிள்ளை வேறு ரகம்.

1966-ல் டாரன்ஸ் என்னும் மற்றோர் அமெரிக்கர் இத்தகைய கேள்விகளையும், பாதி வரைந்து விட்ட படங்களையும் சேர்த்து ஒரு சோதனையாக வெளியிட்டார். நம் நாட்டிலும் இந்த வேலை நடந்தது. பாக்கர் மெஹதி என்ற அறிஞர் 1973-ல் இந்தியப் பிள்ளைகளுக்காக ஒரு சோதனை தயாரித்தார். மனிதன் பறவையைப் போல் பறந்தால் என்ன ஆகும் என்பது அதில் ஒரு கேள்வி.

இந்தச் சோதனைகளில் விடையைத் திருத்துவது எப்படி? புத்தகத்தில் விடை கிடையாதே! அதற்காக நாலு விஷயங்களைப் பார்க்கச் சொன்னார் டாரன்ஸ். எத்தனை யோசனை சொன்னது பிள்ளை? அவை எத்தனை வகை? மற்றவர்களுக்குத் தோன்றாதது எது? யோசனையை எவ்வளவு விவரமாய் வளர்த்தது?

தூத்துக்குடிப் பிள்ளைகளுக்குச் செங்கல் எதற்கு? வலையை எடுத்துக் கொள்வோம். "கிழிந்த வலையை வைத்து என்னென்ன செய்யலாம்?" என்று மூன்றாம் வகுப்பில் கேட்டதாக வைத்துக் கொள்ளுங்கள்.

ஒரு சிறுமி எழுந்து, "கோழிக்கு வேலி, ஆட்டுக்கு வேலி, கீரைப் பாத்திக்கு வேலி, கிணற்றுக்கு வேலி, பூச்செடிக்கு வேலி" என்று மடமடவென்று சொல்கிறாள். ஐந்து யோசனை. ஆனால் எல்லாம் வேலி! வகை ஒன்றுதான்.

அடுத்தவன் மூன்றே சொல்கிறான். ஊஞ்சல் கட்டலாம். பந்து போடப் பை தைக்கலாம். பாகற்கொடி ஏறப் பந்தல் போடலாம். மூன்றும் மூன்று வகை.

கடைசிப் பெஞ்சுப் பையன் ஒன்றே ஒன்று சொல்கிறான். "வேற வலை கிழிஞ்சா இதை வெட்டி ஒட்டுப் போடலாம் சார். ஆனா கண்ணு ரெண்டும் ஒரே அளவா இருக்கணும். பெரிய கண்ணா இருந்தா சின்ன மீன் ஓடிரும். கிழிஞ்ச இடத்துல போடக்கூடாது, கிழியாத இடம் வரைக்கும் தள்ளி முடிச்சுப் போடணும்."

யார் முதல்?

எண்ணிக்கையைப் பார்த்தால் சிறுமி. வகையைப் பார்த்தால் இரண்டாவது பையன். விவரத்தைப் பார்த்தால் கடைசிப் பெஞ்சு. மூன்றையும் கூட்டி, மூன்றால் வகுத்து, "உனக்கு 62, உனக்கு 58" என்று போட்டால் என்ன தெரிந்தது? ஒன்றும் தெரியவில்லை. தெரிந்திருந்ததும் போய்விட்டது! சிறுமிக்கு வேகம் இருக்கிறது. வேறு பக்கம் திரும்பிப் பார்க்கச் சொல்லிக் கொடுக்க வேண்டும். கடைசிப் பெஞ்சுக்கு ஆழம் இருக்கிறது. "இன்னொன்று சொல்லு" என்று தட்டிக் கொடுக்க வேண்டும். மார்க்கு இதைச் சொல்லாது. ஆசிரியர் கையால் எழுதும் ஒரு வரி சொல்லும்.

ஊருக்கு ஊர் மாறும் புதுமை

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. மற்றவர்களுக்குத் தோன்றாததுதான் புதுமை என்றால், அந்த "மற்றவர்கள்" யார்?

கிழிந்த வலையில் கோழி அடைப்பது தெரஸ்புரத்தில் புதுமை இல்லை. வீட்டுக்கு வீடு நடக்கிற காரியம். அதையே உடுமலைப்பேட்டையில் ஒரு பிள்ளை சொன்னால் வகுப்பே கைதட்டும். உப்பளத்தில் வேலை செய்பவர் மகளிடம், "பனிச்சறுக்கு வண்டியை எப்படித் திருத்தலாம்?" என்று கேட்டால் அவள் விழிப்பாள். அவளிடம் யோசனை இல்லை என்று அர்த்தமா? "பாத்தியில் உப்பு வாரும்போது அம்மா காலில் புண் வராமல் இருக்க என்ன செய்யலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். அவள் வாயை மூடமாட்டாள்.

ஆகவே, பட்டணத்தில் அச்சடித்த ஒரே கேள்வித்தாளைக் கன்னியாகுமரி முதல் திருத்தணி வரை கொடுத்து, எந்தப் பிள்ளை யோசிக்கிறது என்று வரிசைப்படுத்துவது வீண் வேலை.

எழுத்து இன்னொரு தடை. ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு யோசனை குதிரை வேகத்தில் ஓடும். பென்சில் ஆமை வேகத்தில் நகரும். எழுதச் சொல்லி அளந்தால் பென்சிலைத்தான் அளக்கிறோம். அந்த வயதில் பேசச் சொல்ல வேண்டும். வரையச் சொல்ல வேண்டும். வீட்டில் பேசுகிற தமிழிலேயே பேச விட வேண்டும்.

உலகப் பரீட்சை சொன்ன சேதி

உலக நாடுகளின் 15 வயது மாணவர்களுக்கு "பீசா" என்றொரு பரீட்சை நடக்கிறது. 2022-ல் அதில் முதல் தடவையாகப் படைப்புச் சிந்தனைக்கும் ஒரு பகுதி வைத்தார்கள். 2024 ஜூனில் முடிவு வந்தது. சிங்கப்பூர் முதல் இடம். மொத்தம் 60-க்கு 41. அந்தச் சுற்றில் இந்தியா கலந்து கொள்ளவில்லை.

அதில் இரண்டு சேதிகள் நம் வீட்டுக்கும் வேண்டியவை. ஹாங்காங், தைவான், மக்காவ் பிள்ளைகள் கணக்கில் புலிகள். ஆனால், படைப்புச் சிந்தனையில் அவர்கள் சராசரியைத் தாண்டவில்லை. கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்குகிற பிள்ளை சொந்தமாகவும் யோசிக்கும் என்று நினைத்தால் ஏமாறலாம்.

மற்றச் சேதி இதற்கு எதிர்ப்பக்கம். அடிப்படைக் கணக்கே வராத மாணவர்களில் படைப்புச் சிந்தனையில் சிறந்து நின்றவர்கள் மிகச் சிலர்தான். எனவே, "என் பிள்ளைக்கு வாய்ப்பாடு வராவிட்டால் என்ன, அவன் கலைஞன்!" என்று பெற்றோர் சும்மா இருந்துவிடவும் கூடாது. எழுத்தும் எண்ணும் வேண்டும். தமிழக அரசு 2022-ல் "எண்ணும் எழுத்தும்" திட்டத்தை ஆரம்பித்தது அதற்காகத்தான். அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பாடம் சொல்கிறார்கள். "முதல் மார்க்கு, கடைசி மார்க்கு" என்பதைவிட இந்தப் பெயர்கள் எவ்வளவோ மேல். அரும்பு நாளைக்கு மலராகும். கடைசி மார்க்கு நாளைக்கும் கடைசி மார்க்குதான்.

கடையில் விற்ற "செயல்திட்டம்"

மார்க்குப் போட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு ஒரு தடவை பார்த்துவிட்டது.

2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 29-வது பிரிவு, பிள்ளையைத் தொடர்ந்தும் முழுமையாகவும் மதிப்பிட வேண்டும் என்று சொல்கிறது. அதற்கேற்ப 2012-ஆம் ஆண்டில் தமிழகப் பள்ளிகளில் 1 முதல் 8-ஆம் வகுப்பு வரை புதிய மதிப்பீட்டு முறை வந்தது. பருவத் தேர்வுக்கு 60 மார்க்கு. பிள்ளை தானாகச் செய்கிற வேலைகளுக்கும் சிறு தேர்வுகளுக்கும் 40 மார்க்கு. நல்ல எண்ணம்தான். மனப்பாடத்துக்கு வெளியே ஒரு கதவு திறந்தார்கள்.

அந்தக் கதவு வழியாக யார் உள்ளே வந்தார்கள்? ஸ்டேஷனரிக் கடைக்காரர்! "எரிமலை வேணுமா, மழைநீர் சேகரிப்பு வேணுமா?" என்று தெர்மாகோல் அட்டையில் செய்து விற்றார்கள். தலைவர்கள் படம், பழங்கள் படம் என்று தாள் தாளாய் விற்றார்கள். அப்பா காசு கொடுத்தார். அம்மா இரவு பதினொரு மணி வரை ஒட்டினாள். பிள்ளை தூங்கிவிட்டது. மார்க்கு மட்டும் பிள்ளைக்கு!

காசு இல்லாத வீட்டுப் பிள்ளை கடற்கரையில் பொறுக்கிய கிளிஞ்சலை ஒட்டிக் கொண்டு வந்தால், கடையில் வாங்கிய பளபளப்புக்குப் பக்கத்தில் அது எடுபடுமா?

எல்லாப் பள்ளியிலும் இப்படி என்று இல்லை. கிளிஞ்சலைக் கையில் எடுத்து, "இதை நீயா செஞ்சே?" என்று கேட்டுத் தட்டிக் கொடுத்த ஆசிரியர்களும் இருந்தார்கள். ஆனால், நாளைக்கே "படைப்பாற்றலுக்கு 20 மார்க்கு" என்று அறிவித்தால், நாளை மறுநாளே "கிழிந்த வலைக்கு 50 பயன்கள்" என்று நோட்ஸ் வந்துவிடும். பிள்ளை அதையும் நெட்டுருப் போடும்!

மார்க்கு இல்லாவிட்டால் மதிப்பார்களா?

இப்படிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம்தான். மார்க்கு இல்லாத பாடத்துக்கு என்ன கதி என்று எல்லாருக்கும் தெரியும். ஓவியப் பீரியடையும் விளையாட்டுப் பீரியடையும் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவார். திருப்பித் தரவே மாட்டார். ஆசிரியர்களுக்கும் மூச்சு முட்டுகிறது. ஏற்கெனவே பதிவேடு மேல் பதிவேடு. போதாக்குறைக்குச் செல்போனில் விவரம் ஏற்ற வேண்டும். இதில் யோசனைக்கும் ஒரு பதிவேடா?

மார்க்கு வேண்டாம் என்றால் மதிப்பீடே வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. சங்கு குளிப்பவர்களைக் கேட்டால் இது புரியும். அரசாங்கம் சங்கு வாங்கிய நாளில் அதற்கு ஓர் அளவு வளையம் வைத்திருந்தார்கள். வளையத்தில் நுழைந்து விழுகிற சின்னச் சங்கைக் கழிவு என்று கரையில் எறியவில்லை. உயிரோடு கடலில் விட்டார்கள், வளரட்டும் என்று. அளந்தார்கள், ஆனால், தள்ளி விடுவதற்காக அளக்கவில்லை.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பொதுத்தேர்வு என்று 2019 செப்டம்பரில் தமிழக அரசு ஆணை போட்டது. பத்து வயதுப் பிள்ளைக்கா பொதுத்தேர்வு என்று பெற்றோர்களும் ஆசிரியர்களும் எதிர்த்தார்கள். 2020 பிப்ரவரியில் அந்த ஆணை வாபஸ் ஆயிற்று. அன்று அது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மூன்றாம் வகுப்பிலேயே மாதிரி வினாத்தாள் வந்திருக்கும். "ஏன்?" என்று கேட்கிற பிள்ளையை, "அது பரீட்சைக்கு வராது, உட்கார்" என்று சொல்லியிருப்பார்கள்.

பரீட்சைக்கு வராத கேள்வியால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்குத் தூத்துக்குடியிலேயே பதில் இருக்கிறது. 1961-க்குப் பிறகு பார்களில் குளிப்பு இல்லை. சிப்பி தானாக முத்துத் தரும் வரை காத்துக்கொண்டே இருப்பதா? நாமே சிப்பிக்குள் ஒரு கருவை வைத்து முத்து விளைவித்தால் என்ன? ஜப்பானியர் அதைச் செய்து கொண்டிருந்தார்கள். ஆனால், நுட்பத்தை வெளியே விடாமல் காத்தார்கள். இங்கே உள்ள மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தில் அழகர்சாமி என்னும் விஞ்ஞானியும் அவருடன் இருந்தவர்களும் தாங்களாகவே முயன்று பார்த்தார்கள். 1973-ல் இந்தியாவின் முதல் வளர்ப்பு முத்து தூத்துக்குடியில் கிடைத்தது. அந்தக் கேள்விக்கு எந்த நோட்ஸிலும் விடை இல்லை.

வாரத்துக்கு ஒரு கேள்வி

செய்ய வேண்டியது பெரிய காரியம் அல்ல. வாரத்துக்கு ஒரு நாள், அரை மணி நேரம், விடை ஒன்றுக்கு மேல் உள்ள ஒரு கேள்வி. துறைமுகத்தில் கப்பல் இரண்டு நாள் தாமதம். ஏற்றி வந்த வாழைப்பழத்தை என்ன செய்யலாம்? மீன்பிடித் தடைக்காலமான 61 நாளும் அப்பா வீட்டில் இருக்கிறார். அவர் என்னென்ன செய்யலாம்? மழை பெய்து உப்பளம் கரைந்துவிட்டால்? கேள்விகளை அந்தந்த ஊர் ஆசிரியர்களே கூடிப் பேசி எழுத வேண்டும், சென்னையிலிருந்து வரக்கூடாது.

கேட்டபின் ஆசிரியர் சும்மா இருக்க வேண்டும். அதுதான் கஷ்டம்! முதல் விடை வந்ததும் "சபாஷ், சரி" என்று சொல்லிவிட்டால் மற்றப் பிள்ளைகள் யோசிப்பதை நிறுத்திவிடும். "அப்புறம்?" என்ற ஒரு வார்த்தை போதும். எல்லாருக்கும் அன்றே எழுத வேண்டாம். ஒரு வாரம் ஐந்து பிள்ளைகளைக் கவனித்து, ஆளுக்கு ஒரு வரி. சட்டப்படி 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்றால், ஆறு வாரத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும். ஒன்றிரண்டு பதிவேடுகளைக் கல்வித் துறை குறைத்துக் கொடுத்தால் ஆசிரியர் இதைச் சந்தோஷமாகவே செய்வார். ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்பு என்று தவிக்கும் பள்ளியில் இது நடக்காது. அங்கே முதலில் இன்னோர் ஆசிரியரைப் போட வேண்டும்.

வீட்டிலும் கொஞ்சம் வேலை உண்டு. சாப்பிடும்போது பிள்ளை, "கடல் தண்ணி ஏன் உப்பா இருக்கு? மீனுக்கு ஏன் உப்புக் கரிக்கல?" என்று கேட்கிறது. "ஏலே, பேசாம சோத்தத் தின்னுலே!" என்று அதட்டுகிறோம். விடை தெரியாததால் வரும் கோபம் அது. "உனக்கு என்னலே தோணுது?" என்று திருப்பிக் கேட்க, அப்பா பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஆண்டு முடிவில் மதிப்பெண் பட்டியலோடு அந்த நோட்டின் வரிகளும் வீட்டுக்கு வரட்டும். "வலைக்கு ஒட்டுப் போடுவதை முடிச்சு முடிச்சாய் விளக்கினான். இரண்டாவது யோசனை கேட்டால் தயங்குகிறான், பொறுத்தால் சொல்கிறான்." இதை அம்மா படிக்கத் தெரிந்தால் படிக்கட்டும்; தெரியாவிட்டால் பிள்ளையே படித்துக் காட்டட்டும். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும், நோட்டு அடுத்த வகுப்பு ஆசிரியர் கைக்குப் போக வேண்டும். மார்க்குப் பட்டியலைப் புரட்டுவதற்கு முன்னால் அவர் அதைப் படித்துவிட வேண்டும்.